கிராமச் சாலையை அகலப்படுத்தும் முன் பார்க்க வேண்டியவை

மூன்று மீட்டர் தார்ச்சாலையை 3.75 மீட்டராக்கி, ஊர் எல்லையில் நிற்கும் மண்பாதையையும் சேர்த்து அடுத்த சாலையோடு இணைப்பது: தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியச் சாலைகளுக்குக் கேட்கப்படும் மேம்பாடு பெரும்பாலும் இதுதான். மனுவில் எல்லாரும் அகலத்தைத்தான் எழுதுகிறார்கள். சாலை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதோ தண்ணீரும் ஓரமும். திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்பட நகலையும் (நில அளவை வரைபடம்) வாங்கி, சர்வேயரை வைத்துப் பாதையின் இரு எல்லையிலும் கல் நடுங்கள். தார் 3.75 மீட்டர்தான் என்றாலும், இரு பக்கப் பெர்மும் (தாரை ஒட்டிய மண் ஓரம்) சேர்ந்து சாலை மட்டத்தில் 7.5 மீட்டர் வேண்டும். வாகனம் குறைந்த சாலைக்கு 6 மீட்டர் போதும். கரைச் சரிவும் வடிகாலும் இதற்கு வெளியே வருகின்றன. அதனால் சமவெளியில் 15 மீட்டர் நில அகலம் கேட்கிறார்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் நிலம் வாங்கப் பணம் கிடையாது. பட்டா நிலம் குறுக்கிட்டால், தானப் பத்திரம் பதிவான பிறகே எஸ்டிமேட்டுக்குப் போங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பித் தொடங்கிய வேலை, ஜல்லி வந்து இறங்கும் நாளில் நின்றுபோகும்.

பாதை முழுவதையும் ஊர்க்காரர்களோடு நடந்து பாருங்கள். ஒருமுறை ஐப்பசி, கார்த்திகை மழையில் நடப்பது கட்டாயம். எந்தக் கழனித் தண்ணீர் எந்தப் பக்கம் தாண்டுகிறது, ஏரி கலங்கல் பாயும்போது எங்கே முழங்கால் ஆழம் நிற்கிறது என்பதெல்லாம் சித்திரையில் எடுக்கும் லெவலில் (மட்ட அளவீட்டில்) தெரியாது. உயர்ந்தபட்ச வெள்ள மட்டத்தை வயதானவர்களிடம் கேட்டு, மின்கம்பத்திலோ மதகுச் சுவரிலோ குறித்துக்கொள்ளுங்கள். சாலை அடுக்குகளைத் தாங்கும் அடிமண் அதற்கு 0.6 மீட்டராவது மேலே இருக்க வேண்டும்.

வாகனக் கணக்கெடுப்பை அறுவடைக் காலத்தில் ஒருமுறையும் மந்தமான காலத்தில் ஒருமுறையும், மூன்று மூன்று நாள், இரவு பகலாக எடுங்கள். பைக் எத்தனை என்பது தார்க்கனத்தை மாற்றாது. கரும்பு லாரி, நெல் லாரி, எம்-சாண்ட் டிப்பர் எத்தனை, ஏற்றியபடி போவது எத்தனை என்பதே மாற்றும். அருகில் குவாரி வரப்போகிறது என்றால் அதையும் எழுதுங்கள். ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி என்று வைத்தாலே பத்தாண்டில் போக்குவரத்து 1.8 மடங்காகும்.

மண் சோதனைக்குக் கிலோமீட்டருக்கு மூன்று குழியாவது தோண்டுங்கள். மண் நிறம் மாறும் இடத்தில் கூடுதலாக ஒன்று. நான்கு நாள் நீரில் ஊறவைத்த மாதிரியின் சிபிஆர் மதிப்பைத்தான், அதாவது மண்ணின் தாங்கும் வலிமையைக் காட்டும் எண்ணைத்தான், கேட்க வேண்டும். காய்ந்த கரிசல் கல் போல இருக்கும். ஊறினால் சிபிஆர் 2-க்கு இறங்கும். அங்கே மேலே எத்தனை தார் போட்டாலும் நிற்காது. 3 அல்லது 4 சதவீதம் சுண்ணாம்பு கலப்பதா, நல்ல கிராவல் கொண்டுவந்து மாற்றுவதா என்பதை ஆய்வக முடிவை வைத்து முடிவெடுங்கள்.

இனி அகலப்படுத்தும் இடம். பெரும்பாலான சாலைகள் கெடுவது இங்கேதான். 75 செ.மீ. கூட்ட வேண்டும் என்றால், பக்கத்துக்கு முப்பத்தேழரை செ.மீ. பிரித்துப் போடுவது வரைபடத்தில் அழகாக இருக்கும். களத்தில் அந்தக் குறுகிய பள்ளத்துக்குள் ரோலரின் சக்கரம் இறங்காது. பாதி பழைய தாரிலும் பாதி புதுக் கிராவலிலும் உருளும். பழைய தாரே எடையைத் தாங்கிக்கொள்ள, கிராவல் தளர்ந்தே கிடக்கும். முதல் மழையில் பழைய ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு வரும். நிலம் இருந்தால் முழுவதையும் ஒரே பக்கம் கூட்டுங்கள். பழைய ஓரத்தைப் படிக்கட்டுப் போல வெட்டி, அடிமண் வரை இறங்கி, கையால் ஓட்டும் சிறிய ரோலரால் அடுக்கடுக்காக இறுக்கச் சொல்லுங்கள். ஓர் அடுக்கு இறுகியபின் 15 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரே பக்கம் கூட்டினால் சாலையின் நடுக்கோடும் முப்பத்தேழரை செ.மீ. நகரும். பழைய முதுகு (நடுமேடு) அப்படியே இருந்துவிடாமல், சரிப்படுத்தும் ஜல்லிக்கு எஸ்டிமேட்டில் தனியாக இடம் ஒதுக்குங்கள்.

கிராவல் அடுக்கைத் தார் அகலத்தோடு நிறுத்தக் கூடாது. பெர்மைத் தாண்டி, கரைச் சரிவு வரை வெளியே தெரிய வேண்டும். களிமண் பெர்ம் அதை அடைத்தால், உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் தாருக்கு அடியிலேயே தங்கும்.

மழைநீர் வழிய, மெல்லிய தாருக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 3 சதவீதச் சாய்வு என்றால், 3.75 மீட்டர் சாலையில் நடு, ஓரத்தைவிட 5.6 செ.மீ. உயரம். சோதிப்பது எளிது: இரு ஓரத்திலும் அந்த உயரக் கட்டையை வைத்து நூலை இழுத்துக் கட்டினால், நூல் நடுவைத் தொட வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் சாய்வு போதாது. பெர்மின் சாய்வு தாரைவிட ஒரு சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். வளைவின் ஆரம் 60 மீட்டருக்குள் என்றால் 0.6 மீட்டரும், 20 மீட்டருக்குள் என்றால் 0.9 மீட்டரும் கூடுதல் அகலம் கொடுங்கள். பேருந்து வரும் ஊருக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

குழாய்ப் பாலங்களை நீட்டுவதா, மாற்றுவதா? 600 மி.மீ. குழாய் தூர்ந்தால் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய முடியாது. புதிதாகப் போடுவது 1000 மி.மீ. ஆக இருக்கட்டும், மேலே 60 செ.மீ. மண் மூடட்டும். பாசனக் குழாய்க்கும் இப்போதே வழி விடுங்கள். இருபுறமும் ஒருவருக்கே நிலம் உள்ள இடங்களைக் கேட்டறிந்து, சாலைக்கு அடியில் வெற்றுக் குழாய் பதித்துவிட்டால், பிறகு யாரும் தாரை வெட்டத் தேவையிருக்காது. குடிநீர்க் குழாய், மின்கம்பம் மாற்றும் பணிகளும் தார் போடுவதற்கு முன்பே முடிய வேண்டும். புளியமரங்களைத் தவிர்த்துப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் நடுக்கோட்டைச் சற்றே நகர்த்தினாலே போதும்.

ஊருக்குள் வீட்டு வாசலைவிடச் சாலை உயரக் கூடாது. பழையதைப் பெயர்த்தெடுத்து அதே மட்டத்தில் போடுங்கள். கழிவுநீர் ஓடும் தெருவில் தார் நிற்காது. அங்கே வடிகாலோடு கான்கிரீட் போடுங்கள்.

எஸ்டிமேட்டைச் சரிபார்க்கச் சில அளவுகள். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது 3,750 சதுர மீட்டர். இறுகியபின் 75 மி.மீ. நிற்கும் ஜல்லி அடுக்குக்கு உதிரி ஜல்லி 340 முதல் 400 கனமீட்டர் வரும். 20 மி.மீ. தார்க்கலவைக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தார் என்ற கணக்கில் சுமார் ஐந்தரை டன், மேல்பூச்சுக்கு 6.8 கிலோ வீதம் இன்னும் இரண்டரை டன். எழுதிய அளவு இதிலிருந்து வெகுவாக விலகினால் காரணம் கேளுங்கள். பெர்ம் மண்ணும் வடிகாலும் தனி இனமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பணம் போதாதபோது முதலில் வெட்டுப்படுபவை இவை இரண்டுமே. வெட்டியே ஆக வேண்டும் என்றால் நீளத்தைக் குறைத்து, மீதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள்.