ஹைனோவைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன்காரர் ஒருவரிடம் ‘எனக்கு ஹைனோ பாட்டு பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார். நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பேச்சை மாற்றப் பார்ப்பார். ஹைனோ ஜெர்மனியின் பிரபலமான பாடகர். பொன்னிற முடி, கருப்புக் கண்ணாடி, கனத்த குரல் என்று இந்த மூன்றை வைத்தே ஐம்பது வருடங்களாக அவரைக் கேலி செய்கிறார்கள். நான் அவரை விரும்பிக் கேட்கிறவன். கேலி செய்கிறவர்களும் சரி, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்களும் சரி, பாட்டைக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்தக் கண்ணாடி. அது மேடைக்காகப் போட்ட வேஷம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவருக்குத் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் ஒரு நோய் வந்தது. அது கண்களை முன்னுக்குத் தள்ளிவிடும். அதை மறைக்கத்தான் கருப்புக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஒருவருடைய நோயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த மனிதருடைய கதையும் பகட்டானது இல்லை. 1938 டிசம்பர் 13 அன்று டுசல்டார்ஃப் நகரில் பிறந்தார், இயற்பெயர் ஹைன்ஸ் கெயோர்க் கிராம். மூன்று வயது ஆவதற்குள் அப்பா போரில் இறந்துவிட்டார். பையன் பேக்கரி வேலையும் கேக் செய்யும் தொழிலும் கற்றுக்கொண்டான். பாட்டில் பெயர் வாங்கிப் பல வருடம் கழித்து பாட் மூன்ஸ்டர்ஐஃபல் என்ற சிற்றூரில் அவர் ஒரு காபிக்கடை நடத்தினார். அங்கே பேர்போன பண்டம் ஹேசல்நட் கேக். அவருடைய பிரபலமான பாட்டு ஒன்றும் அந்தக் கொட்டையைப் பற்றியதுதான். அந்தப் பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

அவரை பவேரியாக்காரர், மலைநாட்டுக்காரர் என்று நினைப்பதும் சகஜம். தோல் கால்சட்டை, பீர் கோப்பை, ஆல்ப்ஸ் மலை என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது, அதில் அவரையும் ஒட்டிவிடுகிறோம். அவர் ரைன் நதிக்கரைத் தொழில் நகரத்துப் பிள்ளை. டி டோட்டன் ஹோசன் என்ற பங்க் இசைக்குழுவும் அதே டுசல்டார்ஃப் ஊர்தான். 1980களில் அந்தக் குழுவின் கச்சேரிகளில் ஒருவர் ‘உண்மையான ஹைனோ’ என்று பெயர் வைத்துக்கொண்டு, அதே முடி, அதே கண்ணாடியோடு மேடையேறினார். ஹைனோ நீதிமன்றம் போனார், தீர்ப்பும் அவர் பக்கமே வந்தது. இருந்தும், அந்தக் காலத்து இளைஞர்கள் பலருக்கு ஹைனோ என்றால் இன்றைக்கும் அந்தப் பகடி முகம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

கேட்கும்போது செய்யும் பெரிய தவறு, அவர் பாடிய எல்லாவற்றையும் ‘ஜெர்மன் நாட்டுப்புறப் பாட்டு’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது. அந்த மூட்டையில் குறைந்தது மூன்று வகைச் சரக்கு இருக்கிறது.

ஒன்று, உண்மையான மக்கள் பாடல். ஜெர்மன் மொழியில் அதற்கு ஃபோல்க்ஸ்லீட் என்று பெயர். அந்தச் சொல்லை 1770களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்டர் என்ற ஜெர்மன் சிந்தனையாளர். 1805 முதல் 1808 வரை ஆர்னிம், பிரென்டானோ என்ற இரு கவிஞர்கள் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். நூறு வருடம் கழித்து, நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்து பாடிய இயக்கம் ஒன்று வந்தது. அதன் பெயர் வாண்டர்ஃபோகல். அவர்களுக்கான பாட்டுப் புத்தகம் 1909இல் வெளிவந்தது. இரண்டாவது வகை, அந்த இளைஞர் இயக்கங்களில் பிறந்த பாட்டுகள். தெரிந்த கவிஞர் எழுதியது, ஆனால் தணலைச் சுற்றி உட்கார்ந்து பாடிப் பாடிப் பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஹைனோவுக்கு 1966இல் பெயர் வாங்கித் தந்த ‘யென்ஸைட்ஸ் டெஸ் டாலெஸ்’ இந்த வகை. பள்ளத்தாக்குக்கு அப்பால் கூடாரங்கள், சிவந்த அந்தி வானத்தை நோக்கி எழும் புகை, ஓர் இளம் அரசன். பொர்ரியஸ் ஃபான் முன்ஷ்ஹவுசன் எழுதிய கவிதை அது. மூன்றாவது வகை ஷ்லாகர், அதாவது ரிக்கார்டு கம்பெனிக்காக எழுதி, ஸ்டுடியோவில் தயாரித்த ஜனரஞ்சகப் பாட்டு. நீல ஜென்ஷியன் பூவைப் பற்றி அவர் பாடியது எவ்வளவுதான் மலைநாட்டுப் பாட்டு மாதிரி ஒலித்தாலும் 1970களின் ஷ்லாகர்தான். அவர் பாடிய ‘லா மொன்டனாரா’வை ஜெர்மன் மலைப் பாட்டு என்று நினைத்துக் கேட்கிறவர்கள் உண்டு. அது 1927இல் ஓர் இத்தாலியர் எழுதியது.

இந்த வித்தியாசம் தெரியாமல் கேட்டால், ஷ்லாகரின் மலிவை மக்கள் பாடலின் தலையில் கட்டுவோம். அல்லது ஸ்டுடியோவில் செய்ததை நூற்றாண்டுப் பழமை என்று போற்றுவோம். இரண்டுமே அநியாயம். அவருடைய ஷ்லாகர்களில் எனக்கும் பிடிக்காதவை நிறைய உண்டு. விஸ்கி கேட்டு ஆர்ப்பரிப்பது, தொலைதூர தேசத்து மக்களை வெறும் பொம்மைகளாகக் காட்டுவது போன்றவற்றைத் தாண்டிப் போய்விடுவேன்.

இப்போது குரல். ‘உணர்ச்சியே இல்லாமல் மரக்கட்டை மாதிரி பாடுகிறார்’ என்பது வழக்கமான குறை. இது தப்பான அளவுகோல். அவருடையது ஆழமான பாரிடோன் குரல். குழைவதும் கெஞ்சுவதும் மூச்சு வாங்குவதும் அதில் இல்லை. கோரஸ் பாட்டுக்கு முன்னால் நின்று அடி எடுத்துக்கொடுக்கிறவர் எப்படிப் பாட வேண்டுமோ அப்படிப் பாடுகிறார். கேட்கிறவர் அடுத்த வரியைச் சேர்ந்து பாட வேண்டும், அதற்காக ஒவ்வொரு சொல்லும் முழுசாக வாயிலிருந்து வெளியே வருகிறது. சொல்லின் கடைசியில் வரும் ‘ட்’, ‘ஸ்’ கூட விழுங்கப்படுவதில்லை. இன்றைய ஜெர்மன்காரர்களில் பெரும்பாலோர் ரகர ஒலியைத் தொண்டையில் போட்டு மழுக்கிவிடுகிறார்கள். ஹைனோ பழைய மேடை உச்சரிப்புப்படி நாக்கு நுனியில் ‘ர்ர்’ என்று உருட்டுகிறார். நம் காதுக்கு அது இயல்பாகவே விழும், ஜெர்மன் காதுக்கோ அதுதான் முதல் கேலிப்பொருள். ஜெர்மன் கற்றுக்கொள்கிறவர்கள் அவரைக் கேட்டால் அகராதி எடுக்கச் சுலபமாக இருக்கும், அவ்வளவு தெளிவு.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். நாஜிகள் இந்தப் பழைய பாட்டுகளைப் பிடுங்கித் தங்கள் அணிவகுப்புக்குப் பயன்படுத்தினார்கள். நான் சொன்ன ஹேசல்நட் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேசல் கொட்டை கரும்பழுப்பு, நானும் அப்படித்தான், என் பெண்ணும் என்னைப் போலவே இருக்க வேண்டும் என்று ஒரு பையன் பாடுகிறான். அவளுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, காசும் இல்லை, ஆனால் உலகத்தையே கொடுத்தாலும் அவளை விட்டுத்தர மாட்டேன் என்கிறான். முத்தம் கொடுத்தாளாம், இவன் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டானாம், எதையும் சும்மா வாங்கிக்கொள்கிற பழக்கம் இவனுக்கு இல்லையாம். இதை ஹிட்லர் இளைஞர் படையும் ராணுவமும் பூட்ஸ் ஓசைக்குப் பாடின. போருக்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்கு அந்த மெட்டில் பூட்ஸ்தான் கேட்டது. 1964 முதல் 1969 வரை வால்டெக் கோட்டை இடிபாடுகளுக்கு அருகே நடந்த பாட்டு விழாக்களில் பாடிய டேகன்ஹார்ட் என்ற பாடகர், நம் பழைய பாட்டுகள் செத்துவிட்டன என்றே ஒரு பாட்டு எழுதினார். அதே காலத்தில்தான் ஹைனோ ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தப் பாட்டுகளைப் பளிச்சென்று பாடிக்கொண்டிருந்தார். கோபம் எங்கிருந்து வந்தது என்பது இதிலேயே புரியும்.

அவரை ரசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதுதான் தவறு. 1977இல், பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநில முதல்வர் ஃபில்பிங்கருக்காக, பள்ளிகளில் பயன்படுத்த ஜெர்மன் தேசியப் பாட்டின் மூன்று பத்திகளையும் பதிவு செய்தார். தேசிய கீதமாகப் பாடப்படுவது மூன்றாவது பத்தி மட்டும்தான். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு 1980களில் போய்ப் பாடினார். 2018இல் ஒரு மாநில அமைச்சருக்கு அவர் பரிசளித்த பழைய இசைத்தட்டில் நாஜிகளின் எஸ்.எஸ். படை பாட்டுப் புத்தகத்திலும் இடம்பெற்ற பாட்டுகள் இருந்தன, பெரிய சர்ச்சை ஆனது. அவற்றில் ஒன்று 1814இல், நெப்போலியன் காலத்தில் எழுதப்பட்டது. பாட்டு குற்றவாளி இல்லை. ஆனால் அது யார் யார் வாயில் புழங்கியது என்று தெரிந்தே பாட வேண்டும், தெரிந்தே கேட்கவும் வேண்டும். ஹைனோ அந்தப் பொறுப்பைப் போதுமான அளவு எடுத்துக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த உறுத்தலோடுதான் அவரைக் கேட்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அவரைக் கேட்கிறவர்கள் எல்லாரும் வலதுசாரிகள் என்று முடிவுகட்டுவது. பாட்டிகளின் சமையலறை வானொலியில் அவர் பாடிக்கொண்டிருந்தார். அம்மாவின் தாலாட்டு இந்த மெட்டில் இருந்த பலருக்கு அரசியல் ஒரு பொருட்டே இல்லை.

கடைசியாக, 2013. அந்த வருடம் பிப்ரவரியில், தன் 74ஆவது வயதில், ராம்ஸ்டைன், டி ஏர்ட்ஸ்டெ, நேனா போன்றவர்களின் ராக், பாப் பாட்டுகளைத் தன் குரலில் பாடி ஹைனோ ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஜெர்மன் ஆல்பம் பட்டியலில் முதலிடம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. ஆகஸ்டில் வாக்கன் மெட்டல் விழா மேடையில் ராம்ஸ்டைனோடு சேர்ந்து பாடினார். பலர் இதை வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட்டார்கள். வியாபாரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் டி ஏர்ட்ஸ்டெ குழுவின் ‘யுங்கெ’ பாட்டை மட்டும் இரண்டு பேர் குரலிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெற்றோர் மகனைத் திட்டும் பாட்டு அது. ஏன்டா ஒன்றும் படிக்கவில்லை, அவனைப் பார், அவனிடம் கார் கூட இருக்கிறது, மாமாவின் பட்டறைக்குப் போயேன், நிரந்தர வேலை தருவார் என்று போகும். ராக் குழு பாடும்போது பெற்றோரைப் பழித்துக்காட்டுவது போல இருக்கும். ஹைனோ பாடும்போது திட்டுவது நிஜமாகவே ஒரு அப்பாவின் குரல். ரகரம் உருள்கிறது, சொல் சொல்லாக விழுகிறது, வரிக்கு அடியில் மகனைப் பற்றிய பயம் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்று கேட்கும் வரி வந்தபோது சிரிப்பு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டேன்.