மணி அடித்ததா, அடிக்கவில்லையா?

“பத்து முறை மணி அடித்தது, வீட்டில் இருந்துகொண்டே எடுக்கவில்லை” என்று, தொலைபேசியில் அழைத்துப் பார்த்துவிட்டு உறவினர் மேல் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் தவறு. நம் காதில் விழுவது அந்த வீட்டு மணியோசை அல்ல. அங்குள்ள எக்ஸ்சேஞ்ச், அதாவது அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி நிலையம், அந்தத் தொலைபேசிக்கு மணியடிக்கும் மின்சாரத்தை ஒரு பக்கம் அனுப்புகிறது. ‘அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது’ என்று நமக்குச் சொல்ல இன்னொரு ஒலியைத் தானே உண்டாக்கி மறுபக்கம் அனுப்புகிறது. தெருவில் பள்ளம் தோண்டியவர் கேபிளை அறுத்துவிட்டிருந்தாலும் நமக்கு மணி கேட்டுக்கொண்டுதான் இருக்கும். சித்தப்பாவின் மேல் பழி போடுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, தொலைபேசி எண்ணே அழைப்பு போகும் வழி என்று நினைப்பது. இதற்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்திய அமெரிக்கர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறையிலிருந்து வளர்ந்த எக்ஸ்சேஞ்சுகளில், சுழற்றும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சுவிட்ச் படிப்படியாக நகரும். அங்கே எண்தான் பாதை. கணினி இயக்கும் எக்ஸ்சேஞ்ச் அப்படிச் செய்வதில்லை. 0452 என்றால் மதுரை என்று புரிந்துகொண்டு, தன் அட்டவணையைப் பார்த்து, அந்த ஊருக்குப் போகும் இணைப்புகளில் காலியான தடத்தைத் தேர்ந்தெடுக்கும். நேர்த்தடம் நிரம்பியிருந்தால் வேறோர் ஊரின் எக்ஸ்சேஞ்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஐந்து நிமிட இடைவெளியில் போட்ட இரண்டு அழைப்புகள் வெவ்வேறு வழியில் போயிருக்கலாம்.

கைப்பேசியில் முதல் நான்கு இலக்கங்களைக் கொண்டு நிறுவனத்தை ஊகிப்பதும் வீண். 2011 ஜனவரியில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரரை அழைத்தாலும் பேச்சு நேராகத் தெருவைத் தாண்டுவதில்லை. அந்த எண் இப்போது எந்த நிறுவனத்திடம், எந்தப் பகுதியில் இருக்கிறது என்று விசாரித்த பிறகே கைப்பேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் இணைப்புத் தரும்.

கடைசியாக, ‘எங்கேஜ்டு’ ஒலி. நிதானமாக விட்டுவிட்டு ஒலித்தால் எதிராளி பேசிக்கொண்டிருக்கிறார். படபடவென்று ஒலித்தால் வழியில் தடம் கிடைக்கவில்லை. அவர் சும்மாவே இருக்கக்கூடும். புயல் நாளில் எல்லோரும் இந்தப் படபடப்பைக் கேட்டு மீண்டும் மீண்டும் அழைக்கிறார்கள். ஒவ்வொரு முயற்சியும் எக்ஸ்சேஞ்சுக்குப் புதிய வேலை. நெரிசல் இன்னும் கூடும். அப்போது குறுஞ்செய்தி அனுப்புவதே கெட்டிக்காரத்தனம். அது பேச்சுத் தடம் எதையும் கேட்பதில்லை. உடனே வழி இல்லையென்றால் காத்திருந்து போய்ச் சேரும்.