தங்க அணு மஞ்சளாக இருக்குமா? அணுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தங்குடி டைல்ஸில் வரும் அந்தக் காவிச் சிவப்பு, இரும்பு ஆக்சைடு தரும் நிறம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்களே, அதில் கலந்திருப்பது இதுதான். இதைச் சொன்னதும் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர், "அப்ப இரும்பு அணு சிவப்பு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சரி, ஜன்னல் கம்பியில் இருக்கும் இரும்பு ஏன் சாம்பல் நிறம்? இரண்டிலும் இருப்பது 26 புரோட்டான் உள்ள அதே இரும்பு அணுதான்.

பொருளின் குணத்தைத் தனி அணுவின் தலையில் கட்டுவதுதான் முதலில் விட வேண்டிய பழக்கம். அணுக்கள் எதனோடு, எப்படிச் சேர்ந்திருக்கின்றன, அந்தச் சேர்க்கையில் எலக்ட்ரான்கள் ஒளியின் எந்தப் பகுதியை விழுங்குகின்றன என்பதைப் பொறுத்தே கண்ணுக்குத் தெரியும் நிறம் அமைகிறது. தங்கத்தையே மிக நுண்ணிய துகள்களாக்கிக் கண்ணாடியில் கலந்தால் மஞ்சள் போய்ச் செந்நிறம் வரும். உருகுநிலையும் அப்படித்தான். தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். ஒற்றைத் தங்க அணு உருகும் என்று சொல்வதில் பொருளே இல்லை. சூடாக்கினால் உலோகம் விரிவதும் அணு வீங்குவதால் அல்ல, அணுக்களுக்கு இடையிலான தூரம் கூடுவதால்.

அடுத்த வில்லங்கம் நோட்டில் வரையும் படம். நடுவில் ஒரு வட்டம், சுற்றி இரண்டு மூன்று வளையம், வளையத்தின் மேல் புள்ளிகள். இது 1913இல் நீல்ஸ் போர் சொன்ன மாதிரியிலிருந்து வந்தது. எலக்ட்ரான்களை எண்ணிக் கூடு கூடாகப் பிரிக்க இன்றும் உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல எலக்ட்ரானுக்குத் தடம் போட்ட பாதை எதுவும் கிடையாது. எந்த இடத்தில் அது இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்ல முடியும். அந்த இடப்பரப்பைத்தான் பிளஸ் ஒன்னில் ஆர்பிட்டால் என்று படிக்கிறோம்.

படத்தின் அளவுகளோ சுத்தப் பொய். தங்க அணுவின் நடுவிலுள்ள உட்கருவை 2 மில்லிமீட்டர் கடுகு என்று வைத்துக்கொண்டால், அணுவின் குறுக்களவு 40 மீட்டர் வரும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நம் செட்டிநாட்டு வீட்டின் நடுவில், முற்றமான வளவில் கிடக்கும் ஒரு கடுகு. அதற்குள்தான் 79 புரோட்டானும் 118 நியூட்ரானும். அணுவின் நிறையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கடுகுக்குள்ளேயே இருக்கிறது. ஓர் எலக்ட்ரானின் நிறை புரோட்டானில் சுமார் 1836இல் ஒரு பங்குதான்.

இதைக் கேட்டவுடன் "அப்படியானால் அணு முழுக்க வெற்றிடம்" என்று கிளம்பிவிடுவார்கள். யூடியூப் வீடியோக்கள் இதை ஊதிப் பெரிதாக்கி வைத்திருக்கின்றன. உட்கருவுக்கு வெளியே நிறை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்த இடமெல்லாம் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் இடம். சுவரில் கை வைத்தால் கை உள்ளே போகாததற்குக் காரணம், கையின் எலக்ட்ரான்களும் சுவரின் எலக்ட்ரான்களும் ஒன்றை ஒன்று நெருங்கவிடாததுதான்.

எலக்ட்ரான் கூடக் கூட அணு பெரிதாகும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. நகைக்கடையில் உள்ள இரண்டு உலோகங்களையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கு 47 எலக்ட்ரான், தங்கத்துக்கு 79. ஆனால் உலோகமாக இருக்கும்போது இரண்டின் அணு ஆரமும் ஏறக்குறைய 144 பிகோமீட்டர். உட்கருவில் கூடியிருக்கும் புரோட்டான்கள் எலக்ட்ரான்களை இறுக்கி இழுத்துக்கொள்வதே காரணம். இரண்டு உலோகங்களிலும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் ஒன்றுதான். ஆக அணுவின் அளவு ஒன்று, அடுக்கும் ஒன்று. எடை மட்டும் வெள்ளிக்கு 108, தங்கத்துக்கு 197. அதனால்தான் ஒரே அளவில் வெள்ளிக் காசும் தங்கக் காசும் செய்தால் தங்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கிறது. அடர்த்தி அட்டவணையில் வெள்ளி 10.5, தங்கம் 19.3 என்று இருப்பதை மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பார்த்தால் மறக்காது.

தேர்வில் மார்க் போகும் இடங்கள் இனி. செம்பின் அணு எண் 29, அணு நிறை 63.5. கழித்துப் பார்த்து நியூட்ரான் 34.5 என்று எழுதிவிடுகிறார்கள். அரை நியூட்ரான் எங்கே இருக்கும்? நிறை எண் என்பது ஓர் அணுவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் கூட்டுத்தொகை; அது முழு எண்தான். அணு நிறை என்பது ஐசோடோப்புகளின், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களின், சராசரி. செம்பில் சுமார் 69 சதவீதம் நிறை எண் 63 உள்ளவை, மீதி 65. எனவே ஒரு செம்பு அணுவில் 34 நியூட்ரான் இருக்கும், அல்லது 36. குளோரினின் 35.5இலும் இதே பள்ளம்தான். அப்புறம், எல்லா அணுவிலும் நியூட்ரான் உண்டு என்று எழுதாதீர்கள்; சாதாரண ஹைட்ரஜனில் ஒன்றுகூட இல்லை.

கால்சியத்தின் 20 எலக்ட்ரான்களைக் கூடு கூடாக 2, 8, 10 என்று பிரித்து எழுதுவது இன்னொன்று. மூன்றாவது கூடு 18 வரை கொள்ளும் என்ற வாய்பாடு சரிதான், ஆனால் கடைசிக் கூட்டில் எட்டுக்கு மேல் நிற்காது. நான்காவது கூட்டின் முதல் இடம் மூன்றாவதில் மிச்சமுள்ள இடங்களைவிட ஆற்றல் குறைந்தது என்பதால் அது முதலில் நிரம்பும். எனவே 2, 8, 8, 2.

அந்தக் கடைசி இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்த கால்சியம் அயனிதான் சுண்ணாம்பில் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் விட்டால் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு, கிளிஞ்சலில் இருந்த அதே கார்பனேட்டாகவே திரும்பவும் இறுகுகிறது. இத்தனை வினையிலும் கால்சியத்தின் உட்கருவில் எந்த மாற்றமும் இல்லை, 20 புரோட்டான் 20ஆகவே இருக்கும். வேதிவினையில் ஓர் அணு வேறு தனிமமாக மாறிவிட்டது என்று எழுதினால் தப்பு.

அயனியிலும் இதே குழப்பம் வரும். பிளஸ் குறியைப் பார்த்ததும் புரோட்டான் ஒன்று கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். கூடவில்லை, எலக்ட்ரான் குறைந்திருக்கிறது. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நம் சிக்ரி, ஆராயும் துறையே இந்த எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல்தான். வெள்ளி முலாம் பூசும் தொட்டியில் 47 புரோட்டானும் 46 எலக்ட்ரானும் உள்ள வெள்ளி அயனி, எதிர்மின்வாயில் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வெள்ளியாகப் படிகிறது. அயனியைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதிவிட்டு மேலே போங்கள்.