பெருத்த காய் வேறு, முற்றிய காய் வேறு: குடுக்கைக்காகச் சுரை போடுகிறவர்களுக்கு

சமைப்பதற்காகச் சுரை வளர்த்தால் பிஞ்சிலேயே பறித்துவிடுவோம், அதனால் பாதித் தவறுகள் வெளியே தெரியாமலே போய்விடும். குடுக்கைக்காக, அதாவது முற்றிக் காய்ந்த ஓட்டைப் பாத்திரமாக்குவதற்காக வளர்ப்பது அப்படியல்ல. விதை ஊன்றியதிலிருந்து காய்ந்த கூடு கையில் வரும்வரை ஒரு வருடம்கூட ஆகலாம், நடுவில் எங்கே சறுக்கினாலும் கடைசியில்தான் தெரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், நான் இடறிய இடங்களிலேயே வரிசையாக இடறுகிறார்கள். தண்ணீர் ஊற்ற மறந்தது, பந்தல் சரிந்தது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை நடந்தாலே புத்தி வந்துவிடும்.

பிஞ்சு பிடிக்கவில்லை என்று உரம் கொட்டுவது

முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள்தான், அவை உதிரத்தான் செய்யும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல ஒன்று இருந்தால் அது பெண் பூ. சுரையில் பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக்கிளைகளில்தான் வரும். அதனால் தலைக்கொடி சுமார் பத்தடி ஓடியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அதைச் செய்யாமல் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைகள் அகலமாக வரும், பந்தல் பச்சைப் பசேலென்று இருக்கும், காய் மட்டும் இருக்காது.

இன்னொன்று, சுரையின் வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும். இருட்டில் பூவுக்குப் பூ போகிற அந்துப்பூச்சிகள் உங்கள் பக்கம் குறைவென்றால், பொழுது சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நீங்களே தடவிவிட வேண்டும். காலையில் எழுந்து காபியோடு போய்த் தடவிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்றால் ஆச்சரியமில்லை.

பெருத்துவிட்டது என்று பறிப்பது

இதைப் பற்றித்தான் எழுதவே உட்கார்ந்தேன், ஏனென்றால் இத்தனை பேருக்குச் சொல்லியும் இது மட்டும் நிற்கவில்லை.

ஒவ்வொரு பருவமும் யாராவது ஒருவர் படம் அனுப்புவார். நல்ல நீளக் கழுத்து, உருண்டை வயிறு, அழகான காய்தான், ஆனால் ஒரு பக்கம் உள்வாங்கிச் சுருங்கி, தோல் மடிந்து கிடக்கும். "மேலே என்ன பூசினால் இது சரியாகும்?" என்று கேட்பார். எதுவும் பூச முடியாது. பறித்த அன்றைக்கே அந்தக் காயின் கதை முடிந்துவிட்டது. அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், காயவைத்த இடத்தில் ஏதோ கோளாறு என்பார்கள்.

விஷயம் இதுதான். காய் பருமனாவதும் ஓடு கெட்டியாவதும் ஒன்றாக நடப்பதில்லை. பூ பிடித்துச் சில வாரங்களிலேயே காய் தன் முழு அளவுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் பல வாரங்கள் வெளியே எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே தொங்கும். பார்க்கிறவருக்கு "இது வளர்ந்து முடிந்தாயிற்றே, இன்னும் எதற்கு விட்டுவைக்க வேண்டும்" என்று கை பரபரக்கும். உள்ளே அப்போதுதான் ஓடு மரம் மாதிரி இறுகிக்கொண்டிருக்கும், விதை முற்றிக்கொண்டிருக்கும். விதை போட்டதிலிருந்து கணக்கிட்டால் வகையைப் பொறுத்து 120 முதல் 180 நாள்வரை ஆகும், பெரிய காய்களுக்கு அந்தக் கடைசி எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக இறுகிய ஓடு எப்பேர்ப்பட்டது என்றால், கடல்நீரில் 224 நாள் மிதக்கவிட்ட காய்களின் விதைகள்கூட முளைத்தன, 1954இல் வெளியான ஓர் ஆய்வில் இது பதிவாகியிருக்கிறது. பாதியில் பறித்த காயோ வீட்டு அலமாரியில் ஒரு மாதம் தாங்காது.

சரி, முற்றிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. நகத்தை அழுத்திப் பார்க்கச் சொல்லி யாரோ எங்கேயோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தெரிந்த ஒருவர் தன் பந்தலின் ஆகப் பெரிய காயை அப்படித்தான் தினம் போய் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். காய் நன்றாகவே முற்றியது, காயவும் செய்தது, ஆனால் கழுத்தைச் சுற்றி வரிசையாகப் பிறைப் பிறையாக நகத்தழும்பு! இளந்தோலில் விழுந்த கீறல் மறையாது, அந்தக் குடுக்கை இருக்கும்வரை அதுவும் இருக்கும். அவருக்கு அதிர்ஷ்டம், தழும்போடு போயிற்று. அதே கீறல் வழியாக அழுகல் நுழைந்து முழுக் காயும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தொடாமலே பார்க்க முடியும். பிஞ்சின் மேல் இருந்த சுணை போய்த் தோல் வழவழப்பாகியிருக்கும், பச்சை வெளுத்திருக்கும். காம்பு பழுப்பாகி, கட்டை போல உலர்ந்திருக்கும், அந்தக் கணுவில் இருக்கும் பற்றுக்கம்பியும் காய்ந்திருக்கும். இவற்றில் காம்புதான் நம்பகமான சாட்சி. காம்பு பச்சையாக இருந்தால் கொடி இன்னும் காய்க்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நடுவில் போய்க் கத்தியை வைக்காதீர்கள். கொடியே முழுதாகக் காய்ந்து செத்த பிறகு அறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அறுக்கும்போது இரண்டு மூன்று அங்குலக் காம்பை விட்டு அறுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

உறைபனி விழுகிற ஊர்க்காரர்களுக்குத்தான் உண்மையான அவசரம் உண்டு. முற்றிய காய் ஓரளவு தாங்கும், முற்றாதது கூழாகிவிடும். ஆனால் அதற்கு மருந்து முன்கூட்டிப் பறிப்பதல்ல. விதையைத் தொட்டியில் முன்கூட்டியே முளைக்கவைப்பதும், பருவக் கடைசியில் வருகிற பெண் பூக்களைக் கிள்ளி எறிவதும்தான். அந்தக் கடைசிப் பூக்களைக் கிள்ள யாருக்கும் மனசு வராது. வராமல் போவதால் முதலில் பிடித்த நல்ல காய்களுக்குப் போக வேண்டிய சத்து, எப்படியும் முற்றப்போகாத பிஞ்சுகளுக்குப் போகிறது.

பூசணம் பூத்ததும் தூக்கிப் போடுவது

மேலே சொன்ன தவறைத் தாண்டி வந்தவர்கள் இதில் விழுவார்கள். பச்சைக் காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அத்தனையும் ஓடு வழியாகவும் காம்பு வழியாகவும்தான் வெளியே வர வேண்டும், அதற்கு மூன்று மாதமும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம். அதுவரை மேல்தோலில் வெள்ளையும் கறுப்புமாகப் பூசணம் படரத்தான் செய்யும். பார்க்க அருவருப்பாக இருக்கும், நாற்றம்கூட லேசாக வரும். ஆனால் அழுகல் அல்ல. பூசணம் போன பிறகு ஓட்டில் தங்கும் திட்டுத்திட்டான கோலத்துக்காகவே அதை விரும்பி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் வழுவழு மஞ்சள் காயைவிட அதுதான் பிடிக்கும்.

விரல் வைத்தால் அமுங்குகிறதா, தண்ணீர் கசிகிறதா, அப்படியானால் எறியுங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல், அடியில் காற்றுப் போகிற மாதிரி சட்டத்தின் மேல் வைத்து, அவ்வப்போது திருப்பி விட்டால் போதும். லேசாகி, ஆட்டினால் விதை கலகலக்க ஆரம்பிக்கும். சிலவற்றில் விதை உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு சத்தமே வராது, அப்போது எடையை மட்டும் நம்புங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று ஓட்டை போடுவது

காயாது. அழுகும்.

அடுப்பில் வைப்பது

விரிசல்.

காய்வதற்கு முன்பே வார்னிஷ் அடிப்பது

உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

உலர்ந்தபடியே அறுத்துத் தேய்ப்பது

உள்ளே காய்ந்து கிடக்கும் சோற்றின், அதாவது காயின் சதையின் தூசி பொல்லாதது. பூசணமும் சேர்ந்து பறக்கும், மூச்சை இழுக்கும், பல நாள் இருமவைக்கும். வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்ய, ஈரத்துணியைச் சுற்றி ஊறவைத்து, கம்பி நாரால் ஈரத்தோடு தேய்த்துக் கழுவுங்கள். அறுத்த பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுச் சுரண்டினால் தூசியும் இல்லை, வேலையும் எளிது. அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம், அதுவும் துகளைத் தடுக்கிற நல்ல ரகம். மெல்லிய துணி உதவாது.

கசப்பைப் பொறுத்துக்கொள்வது

குடுக்கையில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க ஆசைப்படுகிறவர்கள் உள்சோற்றை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, தண்ணீரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரை நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து, கசப்பு அடியோடு போன பிறகே பயன்படுத்த வேண்டும். போகவே இல்லையா, அதைப் பூச்சாடியாக்கிவிடுங்கள். வார்னிஷை உள்பக்கம் அடித்து மறைக்க வேண்டாம்.

அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சு. சமைத்தாலும் போகாது. அலங்காரத்துக்கு வளர்க்கும் வண்ண வண்ணக் குட்டிக் காய்கள் பெரும்பாலும் சுரையே அல்ல, வெள்ளரி போல இருக்கும் சுக்கினியும் ஒருவகைப் பூசணியும் இருக்கிற அதே இனம், மஞ்சள் பூ பூக்கும். பக்கத்தில் சுக்கினி இருந்தால் மகரந்தம் கலந்துவிடும். அந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது, அதிலிருந்து எடுத்த விதையை அடுத்த வருடம் போட்டால்தான் கசப்புக் காய் வரும். 2015இல் ஜெர்மனியில் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். சுரைக்கும் சுக்கினிக்கும் கலப்பு நடக்காது, ஆனால் கசப்புச் சுரைக்கும் சமையல் சுரைக்கும் நடக்கும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் சமையலுக்கான விதையைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். சுரையோ சுக்கினியோ, எதுவானாலும் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

பீர்க்கை மட்டும் மழையில் விட்டுவைப்பது

நாருக்காக வளர்க்கும் பீர்க்குக்கும் அவசரம் ஆகாது, பச்சையில் உரித்தால் நார் வழவழவென்று பிய்ந்து வரும். தோல் மஞ்சளாகி, காய் கனம் குறைந்து, அழுத்தினால் தோல் உள்ளே கழன்று அசைகிற பதம்தான் சரி. ஆனால் சுரையைப் போலக் கொடியிலேயே மறந்துவிட முடியாது. தொடர்ந்து மழை பிடித்தால் உள்நார் கறுத்துவிடும், அந்தக் கறை எத்தனை ஊறவைத்தாலும் முழுதாகப் போகாது. மழை வருகிற மாதிரி இருந்தால், மஞ்சள் காட்டியவற்றை மட்டும் பறித்து அன்றைக்கே உரித்து, விதையை உதறிவிட்டு, அலசிக் காயப்போட்டுவிடுங்கள்.