இத்தாலியச் சமையல் புத்தகம்: வாங்கும் முன்பும் சமைக்கும் முன்பும்

இத்தாலியச் சமையல் புத்தகங்களில் ஒரு குறிப்பு பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பொருட்கள் ஐந்தாறு, செய்முறை எட்டு வரி. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் பாஸ்தா ஒரு பக்கமும் சாஸ் ஒரு பக்கமுமாக நிற்கும். குறிப்பில் தவறு இருக்காது. சமைப்பவருக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லாமல் விட்ட விஷயங்கள்தான் காரணம். அவை தெரிந்துவிட்டால், வீட்டில் தினமும் சமைப்பவருக்கு இந்தப் புத்தகங்கள் நன்றாகவே கைகொடுக்கும்.

முதலில் எதை வாங்குவது? பெல்லெக்ரினோ அர்தூசி 1891-இல் ஃபுளோரன்ஸில் சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம் இன்றும் விற்கிறது. விறகும் கரியும் எரித்த காலத்தில் எழுதியது. ஓவனை எத்தனை டிகிரியில் வைப்பது என்று அதில் தேடக் கூடாது. 1950-இல் வெளிவந்த 'சில்வர் ஸ்பூன்' தொகுப்பின் ஆங்கிலப் பதிப்பில் 2,000-க்கும் மேற்பட்ட குறிப்புகள் உண்டு. கையில் இருக்கும் காய்க்கு என்ன செய்யலாம் என்று புரட்டிப் பார்க்க அருமையானது. சமைக்கவே புதிதாகக் கற்பவருக்கு விளக்கம் போதாது. முதல் புத்தகமாக, குறிப்புகள் குறைவாகவும் ஒவ்வொன்றிலும் காரணம் சொல்லியும் இருப்பதை வாங்குங்கள்.

கடையில் புத்தகத்தை எடுத்ததும் இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, பொலோன்யா ஊரின் இறைச்சி சாஸான ராகு. அதன் செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் 1982-இல் அந்த ஊர் வர்த்தக சபையில் பதிவு செய்தது. சிறு தீயில் சுமார் 2 மணி நேரம் வேக வேண்டும். அரை மணியில் ராகு தயார் என்று எழுதியிருந்தால் புத்தகத்தை வைத்துவிடலாம். அதே பக்கத்தில் வெங்காயம், கேரட், செலரி வதக்குவதற்கு என்ன நேரம் போட்டிருக்கிறது என்றும் கவனியுங்கள். 5 நிமிடம் என்பது நடக்காத காரியம். பொடியாக நறுக்கி, மிதமான தீயில் 15 நிமிடமாவது வேண்டும். கரண்டியால் அழுத்தினால் கேரட் மசிய வேண்டும், நிறம் மாறக் கூடாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி, சாஸ் முழுக்கக் கசப்பு ஏறும்.

இரண்டாவது, அரிசியைச் சாறு விட்டுக் குழைய வேகவைக்கும் ரிசொத்தோ. ஆர்போரியோ, கார்னரோலி என்று அரிசியின் பெயர் இருக்க வேண்டும். ஆளுக்கு 70–80 கிராம், சூடான சாறு, 16–18 நிமிடம் என்பது சரியான கணக்கு. பாசுமதியும் ஆகும் என்று எழுதும் புத்தகத்தை நம்ப வேண்டாம். குழைவைத் தரும் மாவுச்சத்து அந்த அரிசியில் குறைவு.

அளவைப் பற்றி ஒன்று. '4 பேருக்கு' என்றால், பாஸ்தாவுக்குப் பின் இறைச்சியோ மீனோ வரும் என்ற கணக்கில் போட்டது. அதனால்தான் ஆளுக்கு 80 கிராம். இரவுச் சாப்பாடே அதுதான் என்றால் 110 கிராம் எடுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பில் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, சாஸ் இருக்கும் வாணலியில் பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டியோடு சேர்த்துப் புரட்டி முடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் சாஸையும் பாஸ்தாவில் பிடிக்க வைக்கிறது. முழுவதையும் வடித்துக் கொட்டிவிட்டால் அதைச் சரிக்கட்டுவது கடினம்.

சொல்லாமல் விட்டது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரோம் நகரத்துக் காச்சோ எ பேப்பே நல்ல உதாரணம். ஸ்பகெட்டி, பெக்கொரினோ சீஸ், மிளகு, வெந்த தண்ணீர், கலக்கவும். பல புத்தகங்களில் அவ்வளவுதான் இருக்கும். கொதிக்கும் வாணலியில் சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகி ரப்பர் உருண்டையாகிவிடும், நெய் பிரிந்து நிற்கும். அதற்குப் பிறகு மீட்பது கடினம். 200 கிராம் ஸ்பகெட்டியை வழக்கமான அளவில் பாதித் தண்ணீரில், அதாவது 1 லிட்டரில், வேக வையுங்கள்; தண்ணீர் கெட்டியாகக் கலங்கி வரும். பெக்கொரினோவே உப்பு கரிக்கும் என்பதால் 5 கிராம் உப்பு போதும். 100 கிராம் சீஸை மிகப் பொடியாகத் துருவி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். இரண்டு டீஸ்பூன் மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்து வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, பாஸ்தாவை அதில் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்துதான் சீஸ் விழுது. பாக்கெட்டில் வரும் துருவிய சீஸ் இதற்கு ஆகாது. ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பொடியால் சரியாகக் கரையாது.

அமெரிக்கப் பதிப்புகளில் எல்லாம் கப் கணக்கு. மைதாவைக் கப்பில் அழுத்தி எடுப்பதற்கும் தூவி எடுப்பதற்கும் 20 கிராமுக்கு மேலேகூட வித்தியாசம் வரும், எனவே கிராம் கொடுத்திருக்கும் பதிப்பையே தேடுங்கள். இத்தாலிய மொழியிலிருந்து பெயர்த்த கேக் குறிப்பில் பேக்கிங் பவுடர் 'ஒரு பாக்கெட்' என்றிருந்தால் அது 16 கிராம், 500 கிராம் மாவுக்கானது. ஈஸ்ட் கட்டி 25 கிராம் என்றால் உலர் ஈஸ்ட் 7 கிராம் போதும். வீட்டில் பாஸ்தா பிசைய 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. ஓடு நீக்கி 50 கிராமுக்குக் குறைந்தால் மாவு வெடிக்கும், ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் பாஸ்தாவுக்கு எடுக்கும் நைசான கோதுமை மாவான இரட்டைப் பூஜ்ய (00) மாவு கிடைக்காவிட்டால் நம் மைதாவிலேயே பிசையலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. புத்தகத்தின் சைவப் பகுதியிலும் அது தாராளமாக வரும். விலங்கு உறைபொருள் (ரென்னெட்) என்று எழுதியிருப்பதைத் தவிர்த்து, தாவர அல்லது நுண்ணுயிர் உறைபொருள் என்று உறையில் அச்சிட்ட வேறு கடின சீஸை வாங்கிக்கொள்ளலாம். வெள்ளை ஒயின் கேட்கும் இடத்தில் அதே அளவு காய்கறிச் சாறும் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விடுங்கள்; ஒயின் அங்கே வருவது புளிப்புக்காகவும்தான், அதை விட்டுவிட்டால் ரிசொத்தோ மந்தமாக இருக்கும்.