சிவப்பு விளக்கு எரிந்தால் திரும்புங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய மெசர்ஸ்மிட் 109 போர் விமானத்தின் கருவிப் பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் அது எரியும். 1940-இல் பிரான்சிலிருந்து லண்டன் வரை வந்த 109-க்கு அங்கே நின்று சண்டையிட ஏறத்தாழ 10 நிமிடம்தான் இருந்தது. அதற்குள் திரும்பாதவர்கள் பலர் கடலில் விழுந்தார்கள். இணையத்தில் வான்போர் விளையாடத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் அந்த விளக்கை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. பெட்ரோல் தீர்ந்தால் என்ன, ஒரு பொத்தானை அழுத்தினால் புது விமானம் கிடைக்கும்.

ஓர் இரவு, தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு மேலே, எனக்குக் கீழே இரண்டு ஸ்பிட்ஃபயர்கள், அதாவது பிரிட்டிஷ் போர் விமானங்கள், தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. என்ன தோன்றியதோ, அன்று திரும்பினேன். டோவர் அருகே இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயின் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். த்ராட்டிலைக் குறைத்து, உயரத்தைக் கைக்காசு போல எண்ணி எண்ணிச் செலவழித்தேன். பாதியைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. காற்றின் ஓசை மட்டும் மிஞ்சியது. பிரான்சின் கிரி-நே முனையின் மணற்கரை கண்ணாடிக்குள் மெல்ல மெல்லப் பெரிதானது. சக்கரங்களை இறக்காமல் வயிற்றால் தேய்த்து நின்றபோது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. அன்று நான் ஒருவரையும் வீழ்த்தவில்லை. ஆனால் நான் பறந்ததிலேயே அதுதான் சிறந்த பயணம்.

விளக்கை அங்கே வைக்க விளையாட்டைச் செய்தவர்களால் முடியும். அதைக் கண்டு பயப்படுவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எப்படி ஏற்பது என்று இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கற்றதை எழுதுகிறேன்.

விமானத்தில் ஏறுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். அன்றைய பணி 1940 ஆகஸ்டில் நடக்கிறது என்றால், 1941-இல்தான் படைக்கு வந்த ஐந்தாம் ரக ஸ்பிட்ஃபயரைக் கேட்டுச் சர்வர் நடத்துபவரை நச்சரிக்காதீர்கள். பத்து நிமிடம் படியுங்கள்: யார் எங்கே இருந்தார்கள், எதற்காகப் பறந்தார்கள். படித்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் விமானமே மாறிவிடும். எல்லோரும் போர் விமானத்துக்கே அடித்துக்கொள்வதால் வானம் சண்டைக் கூடமாகிவிடுகிறது. ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மானியப் படைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் பொருள் தேவைப்பட்டது; சராசரியாக வந்து சேர்ந்ததோ ஏறத்தாழ 100 டன். யுங்கர்ஸ் 52 என்ற சரக்கு விமானம் ஒன்று சுமந்தது 2 டன் அளவே. அந்த விமானத்தை எடுத்து, பனிமூட்டத்தில், அந்தப் படையின் கையிலிருந்த பிதோம்னிக் ஓடுதளத்தைத் தேடி ஒரு முறை இறங்கிப் பாருங்கள். அந்தக் கணக்கு ஏன் தோற்றது என்று உங்கள் முதுகுத்தண்டுக்குத் தெரியும்.

அடுத்தது, இயந்திரத்தின் குறையை மதிப்பது. முதல் ரக ஸ்பிட்ஃபயரில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டாக்கள். விசையை விடாமல் அழுத்தினால் ஏறத்தாழ 15 விநாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டு விநாடி சுடுங்கள், நிறுத்துங்கள், மீண்டும் குறி பாருங்கள். எட்டுத் துப்பாக்கிகளின் குண்டுகளும் ஒன்றுகூடும் தொலைவை முதலில் 400 கஜமாக வைத்திருந்தார்கள். அனுபவப்பட்ட விமானிகள் 250 கஜத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். நீங்களும் குறைத்து வைத்து, அந்த நெருக்கத்துக்குப் போகும் துணிவை வளர்த்துக்கொள்ளுங்கள். மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளினால் ஸ்பிட்ஃபயரின் அக்கால மெர்லின் எஞ்சின் எரிபொருளின்றித் திணறும்; 109-இன் எஞ்சின் திணறாது. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் வடிவமைத்த சிறு தடுப்புத் தகடு வரும்வரை இந்தத் தொல்லை இருந்தது. அதுவரை விமானிகள் அரைச்சுற்று புரண்டு, தலைகீழாகத்தான் பாய்ந்தார்கள். நீங்களும் அப்படியே புரளுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் எஞ்சினை வழக்கமான வரம்பை மீறி முடுக்க 5 நிமிடம்தான் அனுமதி இருந்தது. பயன்படுத்தியதைத் தரையிறங்கியதும் தெரிவிக்கவும் வேண்டும். சில நொடி நிறுத்தினாலே விளையாட்டு அந்த 5 நிமிடக் கணக்கை அழித்து மீண்டும் தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, நாலு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி ஓட்டி, ஐந்து விநாடி இளைப்பாறி, மீண்டும் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிரலோடு போரிடுகிறார்கள். எதிரே பறப்பவர் 1940-இல் இருக்கிறார். அவருடைய மாலைப்பொழுதைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

என் முதன்மையான விதிக்கு வருகிறேன்: ஓர் இரவுக்கு ஓர் உயிர். இறந்தால் கணினியை அணைத்துவிடுவேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, விமானம், புறப்பட்ட இடம், இறங்கிய இடம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுகிறேன். நான்காவது கட்டம் வெறுமையாக இருந்தால் அன்று நான் திரும்பவில்லை என்று பொருள். முதல் மாதத்தில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மேகத்துக்குள் ஒளிவதும், சண்டையைத் தவிர்த்து வீடு திரும்புவதும் எனக்கு இயல்பாக வந்தன. இறக்கையில் இரண்டு ஓட்டை விழுந்ததும் பாராசூட்டில் குதித்து அடுத்த விமானம் எடுப்பதை விட்டுவிடுங்கள். அடிபட்ட விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதும் விளையாட்டுதான்.

தனியாகப் பறக்காதீர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானிய விமானி வெர்னர் மோல்டர்ஸ் வளர்த்தெடுத்த நால்வர் அணி, இரண்டு இணைகளால் ஆனது. ஒருவர் தாக்க, மற்றவர் அவர் முதுகைக் காத்தார். பிரிட்டிஷாரின் மூவர் அணியிலோ பின்னால் வந்த இருவரும் தலைவர்மேல் மோதாமலிருப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். பின்னால் வரும் எதிரியைப் பார்க்க ஆளில்லை. புதியவர் என்றால் முதல் மாதம் முழுவதும் இரண்டாமவராகவே பறந்து, பின்னால் பாருங்கள். ரேடியோவில் சுருக்கமாகப் பேசுங்கள். ‘ஏஞ்சல்ஸ்’ என்றால் ஆயிரம் அடிக் கணக்கில் உயரம், ‘பாண்டிட்’ என்றால் எதிரி, ‘பான்கேக்’ என்றால் தரையிறங்கு. மூன்று சொல்லில் முடிவதை முப்பதாக்கினால் நண்பரின் எச்சரிக்கை அமுங்கிப்போகும்.

விமானத் தளங்களைத் தாக்குவது வரலாற்றில் நடந்ததுதான். 1940 ஆகஸ்ட் 18 அன்று 9 ஜெர்மானிய டோர்னியர் குண்டுவீச்சு விமானங்கள் மரங்களை உரசும் உயரத்தில் லண்டனுக்குத் தெற்கே இருந்த கென்லி தளத்தின்மேல் வந்தன, நான்கு திரும்பவில்லை. ஆகவே தாழப் பாய்ந்து, ஒரு முறை அடித்து, ஓடிவிடுங்கள். ஓடுதளத்தின் மேலே அரைமணி நேரம் வட்டமிட்டு, புதிதாக எழும்புகிறவரை ஒவ்வொருவராகக் கொல்வதற்கு வரலாற்றைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பாராசூட்டில் இறங்குபவரைச் சுடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1940-இல் பிரிட்டிஷ் போர் விமானப் படையை நடத்திய தளபதி டௌடிங் கருத்துப்படி, இங்கிலாந்தின்மேல் குதித்த ஜெர்மானியர் கைதியாகப் போகிறவர், அவரைச் சுடக்கூடாது. தன் மண்ணில் இறங்கும் பிரிட்டிஷ் விமானியோ நாளை மீண்டும் பறப்பார், எனவே ஜெர்மானியர் சுட்டால் தவறு சொல்ல முடியாது. பழுதுற்ற விமானத்திலிருந்து குதிப்பவரைத் தாக்கக்கூடாது என்று பன்னாட்டுச் சட்டம் எழுதப்பட்டது 1977-இல். என் முடிவு: சுடுவதில்லை. சுட்டால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. எதிரே இருப்பவருக்குக் கசப்பு மட்டும் சேர்கிறது.

ஜெர்மானியப் பக்கம் பறப்பவர்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. அந்த விமானத்தை ஓட்டுவது வேறு, அந்த ஆட்சியைக் கொண்டாடுவது வேறு. நாஜி முழக்கங்களும் தலைவர்களின் பெயர்களும் உங்கள் பயனர் பெயரிலோ அரட்டையிலோ வரக்கூடாது. வந்தால் உடனே தட்டிக் கேளுங்கள். அந்த ஆட்சியால் குடும்பத்தை இழந்தவரின் பேரன் எதிரணியில் பறந்துகொண்டிருக்கலாம்.

கடைசியாகத் தரையிறக்கம். சக்கரம் தொட்டதும் வெளியேறும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஓடுதளத்தை விட்டு விலகி, நிறுத்துமிடம்வரை ஓட்டிச் சென்று, அங்கே எஞ்சினை நிறுத்துங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் சிவப்பு விளக்கு எரிய இறங்கிக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பாதை வேண்டும்.