நல்ல சேதி சொல்பவர் முகம் ஏன் வாடியிருக்கிறது? சாட்சி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசுவாசத்துக்கு வந்த புதிதில் என் சட்டைப் பையில் எப்போதும் நாலு சுவிசேஷக் கைப்பிரதிகள் இருக்கும். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்கார வைத்து, ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். மறுநாள் முதல் எனக்கு அரை மணி நேரம் முன்பாகவே சாப்பிடப் போய்விடுவார். கடின இருதயம் என்று நானே முடிவு கட்டி, சபையில் அவருக்காக ஜெபக் குறிப்பும் கொடுத்தேன். வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவருடைய அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

சுவிசேஷம் என்ற சொல்லுக்குள் விசேஷம் இருக்கிறது. "என்ன, ஏதாவது விசேஷமா?" என்று ஒருவர் கேட்டால், நல்ல சேதி உண்டா என்றுதான் கேட்கிறார். அப்படியிருக்க, அதை மற்றவர்களுக்குச் சொல்ல, அதாவது சாட்சி சொல்லப் போகிற நாம் பரீட்சைக்குப் போகிற முகத்தோடு போகிறோம். கூச்சம், பயம் என்று காரணம் சொல்லலாம், அவையும் உண்டு. ஆனால் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் வேறு இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம்முடைய பொறுப்பு எது, எது நம்முடையது அல்ல என்ற எல்லை நமக்குத் தெளிவாக இல்லை.

விளைச்சலை நம் கணக்கில் எழுதுவது

"இந்த வருஷம் எத்தனை ஆத்துமா?", அதாவது எத்தனை பேரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்கும் பழக்கம் பல சபைகளில் உண்டு. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டால், எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியமாட்டார், எண்ணிக்கையாகத் தெரிவார். அது அவருக்கும் புரிந்துவிடும். மனிதர்களுக்கு அந்த மோப்பம் நன்றாகவே உண்டு.

கொரிந்து சபையில் யார் பெரியவர் என்று கட்சி பிரிந்தபோது பவுல் எழுதிய வரி இது: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" (1 கொரிந்தியர் 3:6). நடுவதும் தண்ணீர் விடுவதும் ஆளுக்கு ஆள் மாறலாம். விளைச்சல் மட்டும் யாருக்கும் பங்கு போடப்படவில்லை. இதே பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசியபோது சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்பவர்களும் வேறு சிலரும் விசுவாசித்தார்கள் (அப்போஸ்தலர் 17:32-34). ஒரே பிரசங்கம், மூன்று விதமான பதில்.

இயேசுவிடமே வந்த பணக்கார வாலிபன், உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று அவர் சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போனான். அதற்குச் சற்று முன்புதான், இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார் (10:21). அன்பு இருந்தது, ஆனாலும் அவனைத் துரத்திக்கொண்டு போகவில்லை, நிபந்தனையைக் குறைத்து "சரி, பாதியை விற்றால் போதும்" என்று பேரமும் பேசவில்லை. நாமோ மறுப்பைத் தாங்க முடியாமல் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறோம்.

சந்தோஷம் எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு லூக்கா 10-ஆம் அதிகாரத்தை விடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. இயேசு அனுப்பிய எழுபது பேர் ஊழியம் முடித்து உற்சாகமாகத் திரும்பி வருகிறார்கள். பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது என்கிறார்கள். இயேசு அவர்களுடைய சந்தோஷத்தைப் பறிக்கவில்லை, அதன் அஸ்திவாரத்தை மாற்றி வைக்கிறார்: அதற்காக அல்ல, உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள். இதைச் சொன்னது வெற்றியோடு வந்தவர்களிடம் என்பதைக் கவனியுங்கள். வெற்றியில் ஊன்றிய சந்தோஷம் அடுத்த தோல்வி வரைக்கும்தான் நிற்கும்.

குற்ற உணர்வை எரிபொருளாக்குவது

"நீ சொல்லாததால் உன் பக்கத்து வீட்டுக்காரன் நரகத்துக்குப் போனால் அவன் இரத்தப்பழி உன் கையில்" என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். எசேக்கியேல் 33-லிருந்து வருவது. ஆனால் அந்தப் பகுதி இஸ்ரவேல் வீட்டுக்குக் காவற்காரனாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசியிடம் பேசப்பட்டது. அதோடு, அடுத்த வசனத்தைப் பலர் வாசிப்பதில்லை. எச்சரித்தும் அவன் திரும்பாவிட்டால் நீ உன் ஆத்துமாவைத் தப்புவித்துக்கொண்டாய் என்கிறது அது. காவற்காரனின் வேலை எக்காளம் ஊதுவது. ஊரில் உள்ளவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது அல்ல.

பயத்தில் பேசுகிறவர் தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் பேசுவார். என் மதியச் சாப்பாட்டுப் பிரசங்கமும் அதுதான். சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிக்கும் என் நண்பருக்கும் சம்பந்தமே இல்லை.

கடமை இல்லை என்று சொல்ல வரவில்லை. "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று பவுலே எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரியிலேயே, உற்சாகமாய்ச் செய்தால் பலன் உண்டு என்றும் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 9:16-17). கடமையும் உற்சாகமும் அவருக்கு ஒரே மூச்சில் வருகின்றன.

"அது பாஸ்டர் வேலை", "வாழ்ந்து காட்டினால் போதும்"

எதிர்ப்பக்கத்துத் தவறுகள் இவை. இரண்டுமே அடக்கம் போலத் தோன்றும்.

எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் சிதறிப்போனார்கள் என்றும், அந்தச் சிதறிப்போனவர்கள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள் என்றும் அப்போஸ்தலர் 8 சொல்கிறது. அதாவது ஊழியக்காரர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் ஊரிலேயே இருந்தார்கள், பேசியது மற்றவர்கள். அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசிய சீப்புரு, சிரேனே ஊர்க்காரர்களின் பெயர்கூட எழுதப்படவில்லை. அங்கேதான் சீஷர்களுக்கு முதலில் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வந்தது.

வாழ்ந்து காட்டுவது பற்றிப் பேசும்போது, "எப்போதும் சுவிசேஷத்தை அறிவி, தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்து" என்ற வாசகத்தை அசிசி பிரான்சிஸ் என்ற துறவியின் பெயரில் சொல்வார்கள். 1226-இல் இறந்த அவருடைய எழுத்துகள் எதிலும் அந்த வரி இல்லை. அவரே ஊர் ஊராகப் போய் வாயைத் திறந்து பிரசங்கித்தவர். நல்ல வாழ்க்கை கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு வேண்டும். பேதுரு எழுதியதும் அதுவே: விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் (1 பேதுரு 3:15). சாந்தத்தோடும் என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த வசனத்தை மேற்கோள் காட்டுபவர்களும் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

வீட்டுக்குள் மட்டும் விகிதம் மாறும். நம் கோபத்தையும் கஞ்சத்தனத்தையும் நேரில் பார்த்தவர்களிடம் பேச்சு கடைசியாகத்தான் எடுபடும். விசுவாசியாத கணவர்களைப் போதனையின்றி நடக்கையினால் ஆதாயப்படுத்தலாம் என்று அதே பேதுரு அதே அதிகாரத்தில் எழுதியது சும்மா அல்ல.

கேட்காமல் பேசுவது, கானான் பாஷையில் பேசுவது

எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு ஓடிச் சேர்ந்த பிலிப்பு முதலில் கேட்டது ஒரு கேள்வி: நீர் வாசிக்கிறது புரிகிறதா? அந்த மனிதர் எந்த வசனத்தில் நின்றிருந்தாரோ அங்கிருந்தே பேச ஆரம்பித்தார். முடிவில் பிலிப்பு அங்கிருந்து எடுக்கப்பட்டுவிட்டார், மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போனார். தன் ஊழியத்தின் பலன் எப்படி வளர்ந்தது என்று பார்க்கக்கூட பிலிப்புக்கு வாய்க்கவில்லை.

"இரத்தத்தால் கழுவப்பட்டு", "அபிஷேகம்", "உடைக்கப்பட்ட அனுபவம்" எல்லாம் நமக்குப் பழகிய சொற்கள், சபைக்கு உள்ளே மட்டும் புரிகிற இந்தப் பேச்சைத்தான் கானான் பாஷை என்பார்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு மிரட்சியாகக்கூட இருக்கும். வீட்டில் பேசுகிற தமிழில் "நான் மன்னிக்கப்பட்டேன், அதை என்னால் நம்பவே முடியவில்லை" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பிறவிக் குருடர் வேத பண்டிதர்களுக்குச் சொன்ன பதிலில் ஒரு இறையியல் சொல்லும் இல்லை: குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன். தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதில் ஒரு குறைவும் இல்லை.

இகழ்ச்சியும் தூண்டிலும்

மற்றவர்களின் வழிபாட்டைக் கிண்டல் செய்துதான் இயேசுவை உயர்த்த முடியும் என்று நினைப்பவர்களுக்கு எபேசுவில் ஒரு பதில் இருக்கிறது. பவுல் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் பிரசங்கித்த பிறகு பெரிய கலகம் எழுந்தது. அப்போது அந்தப் பட்டணத்துச் சம்பிரதியே, அதாவது நகர எழுத்தரே எழுந்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). எதிர்த்தரப்பு கொடுத்த நற்சான்று அது. நமக்கு அப்படி ஒன்று கிடைக்குமா?

தூண்டில் என்பது வாக்குறுதிகள். வந்தால் கடன் தீரும், வியாதி போகும், வேலை கிடைக்கும். பவுலும் பர்னபாவும் புது விசுவாசிகளிடம் சொன்னது, அநேக உபத்திரவங்களின் வழியாகத்தான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போக வேண்டும் என்பது. நோயிலும் துக்கத்திலும் நொந்திருப்பவரிடம் அவசரமாக முடிவு கேட்பதும் தூண்டிலோடு சேர்ந்ததே.

சிரிப்பை ஒட்ட வைத்துக்கொள்வது

சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்றதும் சிலர் முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொள்கிறார்கள். விசுவாசிக்குக் கவலையே கிடையாது என்பது போன்ற பேச்சு. பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் பாடியது முதுகில் காயங்களோடு. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோது, தற்கொலைக்குத் துணிந்த சிறைச்சாலைக்காரனிடம் பவுல் முதலில் சொன்னது: உனக்கு ஒரு கெடுதியும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். இரட்சிப்பைப் பற்றிய பேச்சு அவன் கேட்ட பிறகுதான் வந்தது. அந்த இரவிலேயே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், தன் வீட்டார் எல்லாரோடும் மனமகிழ்ச்சியாயிருந்தான்.

என் நண்பரிடம் பின்னாளில் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அன்றைக்கு நோவாவோடு நிறுத்தியிருந்தால் மீதியையும் ஒரு நாள் கேட்டிருப்பேன்" என்றார். அவர் இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை. அவ்வப்போது ஏதாவது கேட்பார், தெரிந்ததைச் சொல்வேன். மதியச் சாப்பாடு இப்போது சேர்ந்துதான்.